செம்பட்டையின் ஒன்பது நொடி

கீச்சானுக்கு வயது நாற்பத்தொன்று. ஆனால் வாரத்தில் நான்கு நாள், காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரை, அவனுக்குப் பதினைந்து வயது. அதுதான் அவன் பிழைப்பு. டயர் கடை நடத்தும் ஒரு கார்ட்டூன் குடும்பத்தின் கதை டிவியில் ஓடுகிறதே, அதில் வரும் மூத்த பையனுக்குப் பன்னிரண்டு வருடமாகத் தமிழ்க் குரல் கொடுப்பவன் இவன்தான். அந்தப் பையனுக்குச் செம்பட்டை முடி, எந்நேரமும் சிலுப்பிக்கொண்டு நிற்கும். அதனால் டப்பிங் ஸ்டூடியோவில் எல்லோருக்கும் அவன் செம்பட்டை. இந்தப் பன்னிரண்டு வருடத்தில் கீச்சானுக்கு முன்மண்டை வழுக்கையாகி, கண்ணாடி வந்து, மாடிப்படி ஏறினால் முட்டி முனகும் அளவுக்கு ஆகிவிட்டது. செம்பட்டைக்கு இன்னும் மீசைகூட அரும்பவில்லை. வரைந்து வைத்த பிள்ளைகள் கொடுத்து வைத்தவர்கள்.

பள்ளிக்கூடத்தில் மற்ற பையன்களுக்கெல்லாம் தொண்டை கட்டி, கரகரத்து, ஆம்பளைக் குரல் வந்தபோது, இவனுக்கு மட்டும் வரவே இல்லை. வீட்டில் போனை எடுத்தால் "அம்மா இருக்காங்களா பாப்பா?" என்பார்கள். வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது "உள்ளேன் ஐயா" என்று இவன் எழுந்தால் கடைசி பெஞ்சு மொத்தமும் கீச் கீச் என்று கத்தும். அப்படி ஒட்டிக்கொண்டதுதான் பெயர். படிப்பு முடிந்து ஏ.சி. ரிப்பேர் கம்பெனி ஒன்றில் புகார் வாங்கும் வேலைக்குச் சேர்ந்தான். ஒரு நாள் ஏ.சி. ஓடவில்லை என்று எரிந்து விழுவதற்காகப் போன் செய்த பெண்மணி, இவன் "வணக்கம், சொல்லுங்க" என்றதும் கோபத்தையே மறந்துவிட்டாள்.

"தம்பி, நீ என்ன கிளாஸ் படிக்கிறே? ஸ்கூல் நேரத்துல அங்க என்ன பண்றே?"

"மேடம், எனக்கு இருபத்து நாலு வயசு."

அந்தப் பெண்மணிதான் டப்பிங் இயக்குநர் மேடம். மறுநாளே ஒரு சோப்பு விளம்பரத்தில் கைக்குழந்தையாக அழுதான் கீச்சான். அப்புறம் கிளி, அணில், பேசுகிற டூத் பிரஷ் என்று படிப்படியாக முன்னேறிச் செம்பட்டையில் வந்து நின்றான்.

எழுதிக் கொடுத்தால் வெளுத்து வாங்குவான். சொந்தமாகப் பேச வேண்டிய இடத்தில்தான் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தனக்குப் பெண்கள்மேல் இல்லை, ஆண்கள்மேல்தான் ஆசை வருகிறது என்று அக்காவிடம் சொன்ன கதையே அதற்குச் சாட்சி. அப்போது அவனுக்கு இருபத்தெட்டு வயது, ஞாயிற்றுக்கிழமை மதியம், இருவரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். பாக்கெட்டிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்தான். அதில் எழுதி வைத்திருந்ததை எழுந்து நின்று, ஏற்ற இறக்கத்தோடு படித்துக் காட்டினான். அக்கா பள்ளி வேன் ஓட்டுகிறவள். முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்துவதைக் கேட்டுப் பழகிய காது. முழுவதும் கேட்டாள்.

"பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கியா?"

"இல்லக்கா."

"அவ்வளவுதானே? அப்ப தட்டை எடுத்துக் கழுவு."

அன்றோடு அந்த வீட்டில் அது ஒரு விஷயமாக இல்லாமல் போனது. வெளியில்தான் அவன் யாரிடமும் வாய் திறக்கவில்லை. யாரையாவது பிடித்துப்போனால் மனசுக்குள் ஆறு மாதம் குடும்பம் நடத்திவிட்டு, தானாகவே மணமுறிவும் செய்துகொண்டு, ஒன்றும் நடக்காததுபோல் வேலைக்குப் போவான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் அந்த எபிசோடு வந்தது.

மேடம் கதை சொன்னாள். செம்பட்டையின் வகுப்புக்குப் புதிதாக ஒரு பையன் வருகிறான். பச்சை டி-ஷர்ட், நெட்டையான உடம்பு, அந்த வயசுக்கு ஒவ்வாத கட்டைக் குரல். செம்பட்டை அவனைப் பார்த்த மாத்திரத்தில் கையிலிருந்த சாப்பாட்டுத் தட்டோடு சுவரில் மோதிக்கொள்கிறான். அவன் செஸ் கிளப்பில் இருக்கிறான் என்பதற்காக, குதிரை எது யானை எது என்றே தெரியாமல் தானும் சேருகிறான். மகன் சாப்பிடாமல், தூங்காமல், கண்ணாடி முன்னாலேயே நிற்பதைப் பார்த்த டயர் கடை அப்பா, வயிற்றில் பூச்சி என்று முடிவு கட்டி டாக்டரிடம் இழுத்துப் போகிறார். தங்கைக்காரிக்கு மட்டும் முதல் நிமிடமே தெரிந்துவிடுகிறது. கடைசியில் மழையில் நனைந்த மைதானத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து செம்பட்டை அந்தப் பையனிடம் தன் மனசைச் சொல்கிறான். அவனும் 'எனக்கும் அப்படித்தான்' என்கிறான். பன்னிரண்டு வருடத்தில் இவ்வளவு நல்ல எபிசோடு வந்ததே இல்லை. படத்தைப் போட்டுப் பார்த்தபோது, காது என்று எல்லோரும் கூப்பிடும் சவுண்ட் இன்ஜினியர் ஹெட்போனைக் கழற்றி மூக்கைச் சிந்திக்கொண்டு, ஏ.சி. தூசி என்று ஏ.சி.மேல் பழியைப் போட்டான். கொசு தும்மினாலும் கேட்டுவிடுகிற ஆள் அவன். பெயர் அப்படி வந்தது.

கீச்சான் சிரித்தான், அழுதான், திரும்பவும் சிரித்தான். பன்னிரண்டு வருடமாகத் தன் தொண்டைக்குள் குடியிருக்கிற பையன் தன்னைப் போலவே இருக்கிறான் என்று இத்தனை நாள் கழித்துத் தெரிந்தால் யாருக்குத்தான் தலைகால் புரியும்?

பச்சை டி-ஷர்ட்டுக்குக் குரல் வேண்டும். கட்டையாகவும் இருக்க வேண்டும், கூச்சமாகவும் இருக்க வேண்டும். மேடம் எங்கெங்கோ தேடி, ரயில் நிலையத்தில் அறிவிப்புப் பதிவு செய்கிறவரைப் பிடித்து வந்தாள். "பயணிகளின் கவனத்திற்கு" என்று தினமும் ஊரையே நிமிர்ந்து பார்க்க வைக்கும் குரல். காது அவருக்கு உடனே பிளாட்பாரம் என்று பெயர் வைத்துவிட்டான். நாற்பத்து மூன்று வயது, ஓரத்தில் நரைத்த முடி, தோளில் துணிப்பை. வாசலில் தயங்கி நின்று, அந்தக் குரலில் கேட்டார்:

"இங்க செருப்பைக் கழட்டணுமா?"

கீச்சானுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "ஆமா" என்று சொல்லிவிட்டான். அந்த ஸ்டூடியோவில் யாரும் எந்தக் காலத்திலும் செருப்பைக் கழற்றியது கிடையாது. சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே, தானும் கழற்றினான். அன்றிலிருந்து அந்த இடத்தில் இரண்டு பேர் மட்டும் ஏதோ வேண்டுதல் இருப்பதுபோல் வெறுங்காலோடு திரிந்தார்கள்.

வேலை மொத்தமே மூன்று நாள். இரண்டாம் நாள் டீ நேரத்தில் பிளாட்பாரம் தானாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வெளிர்நீலச் சட்டை போட்டிருந்தார். அதில் இரண்டாவது பட்டன் மட்டும் மஞ்சள் நூலில் தைத்திருந்தது. கீச்சான் அதையே பார்ப்பதை அவர் கவனித்துவிட்டார்.

"நானே தைச்சேன். வீட்டுல மஞ்சள் நூல்தான் இருந்துது. தனியா இருக்கறதுல இதான் சிக்கல், கேட்க ஆள் இல்ல, நூலும் இல்ல."

எனக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். தனியாகவா இருக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். என்னென்னவோ தோன்றியது.

"ஓ" என்றான் கீச்சான்.

அவர் டீயை ஊதி ஊதிக் குடித்துவிட்டு எழுந்து போனார். கீச்சானுக்குச் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது. நாளையோடு வேலை முடிகிறது. பச்சை டி-ஷர்ட் பையனுக்கு இந்த ஒரு எபிசோடுதான். அடுத்ததில் அவன் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விடுகிறது. பிளாட்பாரம் திரும்பவும் ரயிலுக்குப் போய்விடுவார். அதற்குள் ஒரு வார்த்தை, ஒரே ஒரு சொந்த வார்த்தை, வாயிலிருந்து வந்தாக வேண்டும்.

மூன்றாம் நாள் காலையில் நாலு சட்டை மாற்றினான். அக்கா வேன் சாவியைச் சுழற்றியபடி வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள்.

"மைக்குக்கு உன் சட்டை தெரியுமாடா?"

"சும்மா இரு, அக்கா."

"யாருடா அது?"

"யாரும் இல்ல."

"சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கே. யாரும் இல்லாததுக்கே இந்தக் கதியா? ஏதாவது எழுதித் தரணுமா?"

"வேணாம். இந்தத் தடவை எழுத மாட்டேன்" என்றான் வீறாப்பாக.

பொதுவாக டப்பிங்கில் ஒவ்வொருவரும் தனித்தனியாகத்தான் வந்து பேசிவிட்டுப் போவார்கள். ஆனால் மைதானத்துப் படிக்கட்டுக் காட்சியில் இரண்டு பையன்களும் ஒருவர் பேச்சின்மேல் ஒருவர் பேசுகிறார்கள், ஒன்றாகச் சிரிக்கிறார்கள். அதனால் இருவரையும் ஒரே மைக் முன்னால் நிற்க வைத்தாள் மேடம். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அவளும் காதும். இந்தப் பக்கம், முழங்கை இடிக்கும் தூரத்தில், அதே வெளிர்நீலச் சட்டையும் கீச்சானும், நாலு வெறுங்கால்களும்.

முக்கியமான வசனம் வந்தது. செம்பட்டை தன் மனசைச் சொல்லும் இடம். தாளைப் பார்த்தால், 'நீ எனக்கு ரொம்ப நல்ல நண்பன்' என்று எழுதியிருந்தது. மேடத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"எழுதினவருக்கு என்ன பயமோ, பூசி மெழுகி வெச்சிருக்காரு. பையன் வாய் முழுசா ஒன்பது செகண்ட் ஆடுது. இதைச் சொன்னா மூணு செகண்ட்தான் வரும். மிச்சத்துக்கு வாயைத் திறந்து காத்து வாங்குவானா? கீச்சான், தாளை விடு. அவன் என்ன சொல்ல நினைப்பானோ அதை நீயே போட்டு நிரப்பு."

நிரப்புவது இந்தத் தொழிலில் சகஜம்தான். வாய் நீளம், வசனம் குட்டை என்றால் பேசுகிறவன் இரண்டு வார்த்தை கூடப் போட்டு உதட்டை மூட வைப்பான். கீச்சான் அப்படி ஆயிரம் வாய்களை நிரப்பியவன். திரையில் மழை பெய்தது. செம்பட்டை திரும்பினான், வாயைத் திறந்தான்.

"உன்னைப் பார்த்த அன்னைக்கே எனக்குப் பேச்சு நின்னு போச்சு. நீ என்ன கேட்டாலும் 'ஓ'ங்கறேன். நீயே தைச்சியே அந்தப் பட்டன், அந்த மஞ்சள் நூலு, வீட்டுக்குப் போனாலும் அதேதான் கண்ணுல நிக்குது."

செம்பட்டையின் உதடு மூடியது. இவன் வாயும் மூடியது. ஒரு இம்மி பிசகவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஸ்பீக்கரில் காதின் குரல் வந்தது.

"அருமை. ஒரே ஒரு சந்தேகம். அந்தப் பையன் போட்டிருக்கறது டி-ஷர்ட். அதுல பட்டனே இல்லையே?"

"அதானே" என்றாள் மேடம். "பட்டன் எங்கிருந்துடா வந்துது?"

கீச்சான் ஆடு திருடினவன் மாதிரி முழித்தான். பக்கத்தில் பார்க்கத் துணிவில்லை. ஓரக்கண்ணில் தெரிந்ததெல்லாம் ஒரு கை மெதுவாக மேலே ஏறி, வெளிர்நீலச் சட்டையின் இரண்டாவது பட்டனை மூடிக்கொண்டதுதான். செத்தோம், மனிதருக்குத் தெரிந்துவிட்டது, மறைத்துக்கொள்கிறார் என்று நினைத்தான்.

இரண்டாவது தடவை பட்டனை விட்டுவிட்டான். ஆனால் ஒரு தடவை திறந்துகொண்ட வாய் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. "நீ டீயை ஊதி ஊதிக் குடிக்கறதைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்கலாம்போல இருக்கு" என்றது.

"படத்துல டீ இல்ல" என்றான் காது.

மூன்றாவது தடவை: "செருப்பில்லாம நீ நடந்து வர்ற சத்தம் எனக்குத் தனியாத் தெரியுது."

"ஷூ போட்டிருக்கான்."

நான்காவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு, பட்டனும் டீயும் காலும் இல்லாமல், உன்னைப் பிடிச்சிருக்கு, பக்கத்துலயே இருக்கணும்போல இருக்கு என்று ஒழுங்காக நிரப்பினான். பிளாட்பாரம் தன் பங்குக்கு, "எனக்கும் அப்படித்தான். சொல்லத்தான் தெரியல" என்றார். அந்தக் கட்டைக் குரல் கடைசி வார்த்தையில் லேசாக ஆடியது. மேடம் கைதட்டினாள்.

"ரெண்டும் ஓகே! முடிஞ்சுது!"

"மேடம்" என்றார் பிளாட்பாரம். "எனக்கு இன்னொரு டேக் வேணும்."

"எதுக்கு? பிரமாதமா இருந்துதே."

"கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன். அவரும் முதல்லேருந்து சொல்லணும். அப்பதான் எனக்கு வரும்."

மூன்று நாளாக எல்லாவற்றையும் ஒரே தடவையில் முடித்தவர். சரி என்று திரும்ப எடுத்தார்கள். அதற்குப் பிறகு தொண்டை கரகரக்கிறது என்றார். இன்னொன்று எடுத்தார்கள். தாள் சலசலத்துவிட்டது என்றார். காதுக்கே கேட்காத சலசலப்பு அது. ஐந்து தடவை இப்படி. ஒவ்வொரு தடவையும் கீச்சான் அதே மழையில், அதே படிக்கட்டில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு முதலிலிருந்து சொன்னான். பக்கத்தில் நிற்கிற ஆளுக்கு என்னோடு சேர்ந்து ஒரு வரி பேசக்கூடக் கூசுகிறது என்று அவன் மனம் கணக்குப் போட்டது. கடைசித் தடவை குரல் தழுதழுத்தே போய்விட்டது. செம்பட்டைக்கு அது பொருத்தமாகவும் அமைந்துவிட்டது.

அந்தப் பக்கம் காது மேடத்தைப் பார்த்தான். மேடம் வெளிர்நீலச் சட்டையைப் பார்த்தாள். அந்தப் பட்டனைப் பார்த்தாள். அப்புறம் நாலு வெறுங்கால்களைப் பார்த்தாள். மெல்ல அவள் வாயெல்லாம் பல் ஆனது.

"மைக்கை ஆஃப் பண்ணிடு" என்று காதிடம் சொன்னாள். பிறகு ஸ்பீக்கரில், "நாங்க டீ குடிக்கப் போறோம். நீங்க வரவேணாம்" என்று சொல்லிவிட்டு, எழுந்திருக்க மனமில்லாத காதைச் சட்டைக் காலரைப் பிடித்துக் கிளப்பிக்கொண்டு போனாள்.

அறையில் இருவர்தான். திரையில் படம் நின்றுவிட்டது, செம்பட்டை பாதி திறந்த வாயோடு உறைந்திருந்தான். பிளாட்பாரம் துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார். அவ்வளவுதான், போகப் போகிறார். கீச்சான் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"அந்தப் பட்டன்... படத்துல இல்ல."

"தெரியும்."

"அது உங்களுது."

"அதுவும் தெரியும்."

"டீயும் நீங்க குடிச்சதுதான். நீங்க கோவமா இருப்பீங்க. இங்க செருப்பைக் கழட்டவே வேணாம், அதுவும் பொய்தான்." வாய் அதன்பாட்டுக்கு ஓடியது. "மன்னிச்சிடுங்க. எனக்கு எழுதிக் கொடுத்தாத்தான் பேச வரும். உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. இதை யாரும் எழுதித் தரல."

கண்ணைத் திறந்தான். பிளாட்பாரத்தின் காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. நாற்பத்து மூன்று வயது மனிதர், பரீட்சையில் பிட் அடித்து மாட்டிக்கொண்ட பையனைப்போல் நின்றார்.

"அஞ்சு தடவை டேக் கேட்டேனே, ஏன்னு நினைச்சீங்க?"

"தொண்டை கரகரப்புன்னு..."

"பதினெட்டு வருஷமா அறிவிப்பு படிக்கிறேன். எந்த ரயிலுக்கும் ரெண்டாவது டேக் போனதில்ல." அவர் பையின் நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். "நான் பேசறதை தினம் ஆயிரக்கணக்குல ஆளுங்க கேட்கறாங்க. ஒருத்தரும் திருப்பிப் பேசினதில்ல. நீங்க பட்டன்னு சொன்னதும் எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கிச்சு. அது மைக்ல கேட்டுடுமோன்னு கையை வெச்சு மூடினேன். மறுபடியும் உங்க வாயால கேட்கணும்போல இருந்துது. அதான் கேட்டேன். அப்பவும் போதல. இன்னும் கேட்டேன்."

கீச்சானுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினான், அடங்கவில்லை. பயத்தில் பாதியும் சந்தோஷத்தில் பாதியுமாக, கிளியும் அணிலும் கைக்குழந்தையும் சேர்ந்து சிரித்ததுபோல் ஒரு சிரிப்பு வெடித்துக் கிளம்பியது. பிளாட்பாரமும் சிரித்தார். அவர் சிரிப்புக்குத் தரை அதிர்ந்தது. இருவரும் மைக் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு, நிற்க முடியாமல் சிரித்தார்கள்.

மூச்சு வந்ததும் கீச்சானுக்கு ஒன்று உறைத்தது. முகம் வாடிவிட்டது.

"அடுத்த எபிசோடுல நீங்க இல்ல. வேற ஊருக்குப் போயிடறீங்க."

"அவன் போறான்" என்றார் பிளாட்பாரம், தோளிலிருந்து பையைக் கழற்றி நாற்காலியில் வைத்தபடி. "எனக்கு எந்த ஊருக்கும் போற உத்தேசம் இல்ல."